பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம், இன்றைய வீட்டுப்பாடம், கணக்கு பக்கம் அறுபத்து நாலு, நாலா ஆறா, போர்டுல எழுதிப்போட்டது நான்தான், முக்கா மணி நேரத்துக்கு முந்தி எழுதினது அதுக்குள்ள மறந்துபோச்சு. மணி மூணு நாப்பது. நாலு மணிக்கு மெசேஜ் போயாகணும். ஆறு வருசமா ஒருநாள் தவறினதில்ல, சிக்குன்குனியா வந்து விரலை மடக்க முடியாமக் கெடந்தப்பக்கூட வாயால பேசிப் பதிவு பண்ணி அனுப்பினேன். கோவில்பட்டியில எந்தப் பெத்தவங்களை வேணா கேட்டுப் பாருங்க, மூணாங்கிளாஸ் பி செக்‌ஷன் கனி மிஸ்கிட்ட சேத்தா, பிள்ளை மூக்கை உறிஞ்சினாக்கூட வீட்டுக்குத் தகவல் வந்துரும்னு சொல்லுவாங்க. வீட்டுப்பாடம் என்ன, நாளைக்கு என்ன கொண்டு வரணும், யாரு நகம் வெட்டல, யாரு டிபனை மிச்சம் வச்சா, யாரு பெஞ்சு மேல ஏறினா, எல்லாம் பேரோட. பேரு போடாம எழுதினா அடுத்த வீட்டுக்கு வந்த கடுதாசி மாதிரிதான் படிப்பாங்க, பேரைப் போட்டாத்தான் உறைக்கும், இது நானாக் கண்டுபிடிச்ச வித்தை. ஊருல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் தகவல் சொல்றவ நான். எம் பிள்ளையைப் பத்தி எனக்கு ஒரு நாய் சொல்லல. ஜூன்ல இருந்து இந்த டிசம்பர் வரைக்கும் பதினோரு தடவை எழுதியிருக்காங்க, பதினோரு தடவையும் கட்டத்துல பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டதுன்னு டிக் அடிச்சிருக்காங்க, நான் யாருடா அப்போ, மிருதுளாவைப் பெத்தது நான்தானே, பெரியாஸ்பத்திரியில பதினாலு மணி நேரம் வலியில துடிச்சது நான்தானே. மிஸ், இவன் என் பேக்கை மிதிக்கான் மிஸ். மிதிக்காத, தள்ளி உக்காரு, வேன் வந்துரும். ரெண்டாவது டிரிப்புக்கு முப்பத்தோரு பிள்ளைங்க ஷெட்டுக்குள்ள வரிசையா உக்காந்திருக்கு, எண்ணிட்டேன், எண்ணினேனா, மறுபடியும் எண்ணணும்.

நாலாங்கிளாஸ் ஏ செக்‌ஷனுக்கு நான் போகவேண்டியதே இல்ல. அந்தக் கிளாஸ் மிஸ் எஸ்தருக்கு இன்னைக்கு பிளாக் ஆபீஸ்ல பயிற்சி, ஏழாவது பீரியடுக்கு ஆள் இல்லன்னு ஹெச்.எம். மேடம் சீட்டு அனுப்பினாங்க, கனி, நீங்க போய்ப் பாத்துக்கோங்கன்னு. சந்தோசமாத்தான் போனேன். ஸ்டாஃப் பிள்ளை பெத்தவ கிளாஸ்ல உக்காரக் கூடாதுங்கறது எங்க ஸ்கூல் வழக்கம், அதனால மிருதுவுக்கு நான் பாடம் எடுத்ததே கிடையாது, இன்னைக்குத்தான் முதல் தடவையா அவ கிளாஸ்ல ஒரு பீரியடு முழுக்க நிக்கப்போறேன். போன உடனே சூழ்நிலையியல்ல ரெண்டு கேள்வி கேட்டேன், மூணாவது பெஞ்சு, நீ சொல்லுன்னு அவளைத்தான் கை காட்டினேன், ஒரு பெருமைதான், வீட்டுல வாய் ஓயாமப் பேசுறவ, பதில் சொல்லி அசத்துவான்னு. எந்திரிச்சா. நின்னா. என் மூஞ்சியைப் பாக்கல, என் சேலைக் கரையைப் பாத்துக்கிட்டு நின்னா. முன் பெஞ்சுல இருந்து ஒரு பொடிசு, மிஸ், அவ பேசமாட்டா மிஸ், எழுதிக் காட்டுவா மிஸ்னு சொல்லுச்சு, பத்துப் பிள்ளைங்க கெக்கேபிக்கேன்னு சிரிச்சுது. நான் என்ன நினைச்சேன், அம்மா முன்னாடி வெக்கப்படறா, உக்காருன்னுட்டேன். கர்மம், எனக்கு உறைச்சிருக்கணும். எல்லாரையும் படம் வரையச் சொல்லிட்டு சாக்பீஸ் தேடி டிராயரைத் திறந்தேன், பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு, நடத்தைப் பதிவேடு, எனக்குத் தெரியாத நோட்டா, அதுக்குக் கட்டம் போட்டுக் குடுத்தவளே நான்தான், நாலு வருசத்துக்கு முந்தி, தேதி, மாணவர் பெயர், விவரம், பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது, கையெழுத்துன்னு அஞ்சு கட்டம். வேடிக்கையாத்தான் புரட்டினேன், எஸ்தர் எப்படி எழுதியிருக்கான்னு பாக்கலாம்னு. மூணாவது பக்கத்துல ஜெ. மிருதுளா. நாலாவது பக்கத்துல ஜெ. மிருதுளா. கேட்ட கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் கூறவில்லை. வாசிப்புப் பயிற்சியில் வாய் திறக்கவில்லை. பிற மாணவர்களிடமும் பேசுவதில்லை, தேவை எனில் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். எழுதிக் காட்டுகிறாராம். வீட்டுல எங்க மூணு பேருல நல்லா வாயாடுறது அவதான்யா.

கடைசிக் கட்டத்துல செ. ஜெயபாண்டி. கீழ ரெண்டு புள்ளி. அந்த ரெண்டு புள்ளியை எனக்குத் தெரியாதா, ரேஷன் கார்டுல இருந்து பேங்க் பாஸ்புக் வரைக்கும் அந்த ரெண்டு புள்ளி இல்லாம அந்த மனுசன் கையெழுத்துப் போட்டதில்ல. எம் புருசன். பதினோரு கையெழுத்து, கீழ போட்ட தேதி எல்லாமே புதன்கிழமை. புதன்கிழமை எங்களுக்கு ஸ்டாஃப் மீட்டிங், அஞ்சு மணி ஆகும், அவரு தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசரு, அன்னைக்கு மட்டும் பெர்மிஷன் போட்டுட்டு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போவாரு. நான் அதைப் பெருமையா ஸ்டாஃப் ரூம்ல சொல்லியிருக்கேன், எங்க வீட்டுக்காரரு மாதிரி வருமா, புதன்கிழமை ஆனா டாண்ணு மூணு இருபதுக்கு கேட்டுல நிப்பாருன்னு. எஸ்தர் அதைக் கேட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டிருந்திருப்பா. நிப்பாரு, ஏன் நிக்கமாட்டாரு, உள்ள போய் நாற்காலி போட்டு உக்காந்து எம் பிள்ளையைப் பத்திப் பேசிட்டுல்ல போயிருக்காரு, நான் அதே கட்டடத்துல மாடியில மீட்டிங்ல உக்காந்து பெற்றோர் தொடர்பை மேம்படுத்துவது எப்படின்னு பேசிட்டிருந்திருக்கேன். என் காலுக்குக் கீழ. எஸ்தர் மட்டும் புதன்கிழமை புதன்கிழமை மீட்டிங்குக்குக் கால் மணி நேரம் பிந்தி வருவா, நோட்டுத் திருத்தினேன்னுவா. சிரிப்பாச் சிரிக்குது. கூடவே இருந்து குழி பறிக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அது எதிராளி பண்றதுன்னுல்ல இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்.

போட்டோ எடுத்துக்கிட்டேன், பழக்கம், எதைக் கண்டாலும் எடுத்துருவேன். அவ பேரு வந்த நாலு பக்கமும். நோட்டை இருந்த மாதிரியே வச்சு டிராயரை மூடினேன், அவ குனிஞ்சு வரைஞ்சுக்கிட்டிருந்தா, பாக்கல, பாத்திருக்கமாட்டா. அப்புறம் எட்டாவது பீரியடு என் கிளாஸ்ல கணக்கு எடுத்தேன்னு நினைக்கேன். அறுபத்தாறுதான். கழித்தல் கணக்கு, கடன் வாங்கிக் கழிக்கிறது, அறுபத்தாறு. இன்றைய வீட்டுப்பாடம், கணக்கு பக்கம் அறுபத்தாறு, வரிசை எண் ஒன்று முதல் எட்டு வரை. தமிழ், இரண்டாம் பாடம் சொல்வதை எழுதுதல், பத்துச் சொற்கள், பெற்றோர் கையொப்பம் அவசியம். பெற்றோர்னா ரெண்டு பேருல ஒருத்தர் போட்டாப் போதும், அதுவும் நான் போட்ட சட்டம்தான். டைரி முதல் பக்கத்துல அச்சடிச்சிருக்கு, காலை எட்டு ஐம்பதுக்குள் வருகை, கைக்குட்டை, வெட்டப்பட்ட நகம், இடைவேளையில் வரிசை, குழந்தையின் நடத்தை குறித்த தகவல் உடனுக்குடன் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும். உடனுக்குடன்கிற வார்த்தையை நான்தான் சேக்கச் சொன்னேன், ஹெச்.எம். மேடம் வேண்டாம் கனி, பின்னாடி நம்மளையே பிடிச்சுக்குவாங்கன்னாங்க. ஸ்டாஃப் பிள்ளைங்களுக்கு மட்டும் டைரியில எழுதறதில்ல, அது எழுதாத சட்டம், எதுக்கு எழுதணும், பெத்தவ பக்கத்து நாற்காலியிலதானே இருக்கா, வாயால சொல்லிட்டாப் போச்சு. அந்த வாய்தான் திறக்கல. அந்தப் பதிவேட்டுல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பச்சை மையில ஹெச்.எம். மேடம் சுழிச்சிருக்காங்க. அப்போ அவங்களுக்கும் தெரியும். ஆயாவுக்குத் தெரியாம இருக்குமா. வேன்காரருக்குத் தெரிஞ்சிருக்கும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு எனக்குப் பின்னாடி ஸ்டாஃப் ரூமே சொல்லிச் சிரிச்சிருக்கும்.

சிரிச்சிருப்பாளா எஸ்தர்? ஒன்பது வருசமா ரெண்டு பேரும் ஒரே டிபன்ல சாப்பிடறோம். அவ வீட்டுல சாளைக் குழம்பு வச்சா எனக்குன்னு தனியா ஒரு டப்பா வரும், முள்ளை எடுத்துட்டுக் குடுப்பா, நான் முள்ளுக்குப் பயந்தவன்னு. அவ அம்மா செத்தப்ப நாலு நாள் நான் அவ கூட இருந்தேன். நேத்து மத்தியானம்கூட, நேத்துதானே, என் தட்டுல பொரியலை வச்சுக்கிட்டே கேட்டா, கனி, மிருது வீட்டுல நல்லாப் பேசுதாடின்னு. நான் என்ன சொன்னேன், அடப் போ எஸ்தர், வாயை மூடச் சொன்னாலும் மூடமாட்டேங்கா, காது ரெண்டும் வலிக்குதுன்னேன். அவ ஒரு மாதிரி என்னைப் பாத்தா. சரிடி, நல்லதுன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிச்சா. அந்த இடத்துல சொல்லியிருக்கலாமில்ல. ஏட்டி, உம் பிள்ளை ஆறு மாசமா என் கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசலன்னு ஒரே ஒரு வாக்கியம். பொரியலை வைக்கத் தெரிஞ்ச கைக்கு வாய் இல்லையா. நாளைக்கு அவ டப்பாவைத் திறக்கட்டும், எந்திரிச்சுப் போயிருவேன். இல்ல, எல்லார் முன்னாடியும் கேப்பேன், நீ எனக்குத் தோழியா, எம் புருசனுக்குத் தோழியான்னு கேப்பேன். சீ, அப்படிக் கேக்கக் கூடாது, அசிங்கமாயிரும், அதை வேற மாதிரிப் புரிஞ்சுக்குவாங்க, அப்புறம் அது ஒரு கதையா ஊரைச் சுத்தும். மிஸ், தண்ணி குடிக்கப் போகட்டா மிஸ். போ, ஓடாத, பாட்டில் மூடியை நல்லா மூடிட்டு வா.

மூடி. ஆகஸ்டு மாசம். நாலாவது பதிவு, போட்டோவைப் பெருசாக்கிப் பாக்கேன், கழிவறை செல்ல அனுமதி கேட்காததால் இருக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டார், ஆயா உடை மாற்றினார். ஏ யப்பா. அன்னைக்கு வேற பாவாடையோட வந்து நின்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இடுப்புல ஊக்கு குத்தி, ரெண்டு சுத்துப் பெருசு. என்னடி இதுன்னேன், தண்ணி பாட்டில் கொட்டிருச்சும்மான்னா. மூடியைச் சரியா மூடத் தெரியாதா ஒன்பது வயசுக் கழுதைக்குன்னு தலையில ஒரு குட்டு வச்சேன். அதோட விட்டேனா, மறுநாள் என் கிளாஸ் குரூப்புல பெற்றோர் கவனத்திற்கு, தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சரிபார்த்து அனுப்பவும்னு போட்டேன். இருபத்திரெண்டு பேரு நன்றி மிஸ்னு போட்டாங்க. எம் பிள்ளை முப்பத்தெட்டுப் பிள்ளைங்களுக்கு நடுவுல நனைஞ்சுபோய் உக்காந்திருந்திருக்கு, மிஸ், பாத்ரூம்னு ரெண்டு வார்த்தை வாயில வரல, ஒண்ணாங்கிளாஸ்ல முதமுதல்ல சொல்லிக் குடுக்கிற ரெண்டு வார்த்தை. யாரு முதல்ல பாத்திருப்பாங்க. எத்தனை பேரு மூக்கைப் பொத்தியிருப்பாங்க. ஆயா துடைச்சு விட்டிருக்கு. ஆயா அன்னைக்குச் சாயங்காலம் என்னைப் பாத்து என்ன கனி மிஸ், கிளம்பிட்டீங்களான்னு சிரிச்சுச்சு, அது சிரிச்ச சிரிப்பு இப்போ வேற மாதிரித் தெரியுது.

மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அறிவுறுத்தப்பட்டது, தந்தை அழைத்துச் சென்றதாகத் தெரிவித்தார். இது ஒன்பதாவது. அக்டோபர். எந்த மருத்துவரு, எப்போ, எந்த ஊரு, நான் எங்க இருந்தேன். அந்தச் சனிக்கிழமையா இருக்கும், ஸ்டாஃபுக்கு மட்டும் வேலை நாளு, பாளையங்கோட்டையில அத்தை மகன் வீடு பால் காய்ச்சுதுன்னு அப்பனும் மகளும் விடியக்காலம் பஸ் ஏறினாங்க. பால் காய்ச்சின வீட்டுல இருந்து ஒரு தேங்கா பழம்கூட வரலியேன்னு நான்கூடக் கேட்டேன், மறந்துட்டோம்னு சிரிச்சாரு, அவளும் சிரிச்சா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காங்க, சோறு போட்டவளே நான்தான். டாக்டரு என்ன சொன்னாருன்னு நோட்டுல இல்ல. தொண்டையில ஏதும் இருக்குமோ. தலையில. எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் அஞ்சு வயசு வரைக்கும் நல்லாப் பேசிட்டு அப்படியே நின்னுபோனான், இன்னைக்கு வரைக்கும் கையசைச்சுத்தான் கஞ்சி கேப்பான். இல்ல, வீட்டுல பேசுறாளே, நேத்து ராத்திரி சாப்பிடறப்பப் பூனைக் கதை அரை மணி நேரம். தொண்டை நல்லாத்தான் இருக்கு. ஆனா பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாளா இந்த வருசம்? யோசிச்சுப் பாத்தா ஒண்ணுகூட இல்ல. போன வருசம் வேன் எங்க தெருப்பக்கம் வரும், அதுலதான் போய் வருவா, என்ன பேச்சு பேசுவா, வேன்ல யாரு யாரைக் கிள்ளினா, யாரு யாருக்கு ரப்பர் குடுத்தா, நான்தான் கேப்பேன், ம், அப்புறம், அப்புறம்னு, தோசையைச் சுட்டுக்கிட்டே. வளந்துட்டா, அதான் சொல்றதில்லன்னு நினைச்சேன். நாலாங்கிளாஸ் வந்தாலே பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ரகசியம் வந்துரும்னு எஸ்தர்கிட்டயே சொல்லியிருக்கேன்.

பதினோராவதை நான் முழுசாப் படிக்கல. ஒரு வரி படிச்சேன், பேசாததற்கான காரணத்தைக் கேட்டதற்கு சிலேட்டில் பின்வருமாறு எழுதினார், அதோட டிராயரை மூடிட்டேன், பெல் அடிச்சிருச்சு. பெல் அடிக்கிறதுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருந்துச்சு, எதுக்குப் பொய். போட்டோவுல இருக்கு, விரலை வச்சுத் தள்ளினா வந்துரும். மணி மூணு அம்பத்தொண்ணு. முதல்ல மெசேஜை முடிப்போம். ஆங்கிலம், ரைம்ஸ் மனப்பாடம். நாளை கொண்டு வர வேண்டியவை, ஒரு சார்ட், பசை. இன்றைய நடத்தைக் குறிப்பு. நடத்தைக் குறிப்பு, ரெண்டு புள்ளி, இங்கதான் பேரு வரும். இன்னைக்கு மூணு பேரு இருக்காங்க, குறிச்சு வச்சிருக்கேன். ஜெனிஷா. இல்ல, ஜெனிஷா போன வருசம், இப்போ அவ நாலாங்கிளாஸ்ல, மிருது செக்‌ஷன்ல, ஏன் அந்தப் பேரு கைக்கு வந்துச்சு. அடிச்சதை அழிச்சேன். போன பிப்ரவரி, தோசைக்கல்லுல எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தேன், மிருது மேடையில ஏறி உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா, எம்மா, ஜெனிஷா என்ன பண்ணா தெரியுமா, டிக்டேஷன்ல ரெண்டு மார்க்கு, அந்த நோட்டை வேன் சீட்டுக்கு அடியில சொருகி வச்சுட்டா, நோட்டு தொலைஞ்சுபோச்சுன்னு வீட்டுல சொல்லப்போறாளாம், எங்கிட்ட மட்டும் காட்டினா. எங்கிட்ட மட்டும். நானும் சிரிச்சேன். மறுநாள் நாலு மணிக்குப் போட்டேன், ஜெனிஷா சொல்வதை எழுதுதல் நோட்டை வேன் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்துள்ளார், பெற்றோர் கவனிக்கவும். உள்ளாருன்னு மரியாதையாத்தான் போட்டேன். அவ அப்பா உடனே போட்டாரு, பார்த்துக்கிறேன் மிஸ், நன்றி. அடுத்த நாள் அந்தப் பிள்ளை காலை இழுத்து இழுத்து வந்துச்சு, கெண்டைக்கால்ல வயர் பட்ட மாதிரி ரெண்டு கோடு. நான் பாத்தேன். பாத்துட்டு அன்னைக்கும் ஒரு மெசேஜ் போட்டேன், குழந்தைகளை அடிக்க வேண்டாம், அன்பாக எடுத்துச் சொல்லவும். என் கடமை முடிஞ்சுபோச்சு. வேன்ல ஜெனிஷா பக்கத்துல எம் மகள் உக்காந்துதானே போகணும், அது எனக்குத் தோணவே இல்ல.

தள்ளிட்டேன். வந்துருச்சு. எஸ்தர் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், கண்ணை மூடிக்கிட்டாத்தான் படிக்காம இருக்க முடியும். நான் பேசினால் அம்மா கேட்டு குரூப்பில் போட்டுவிடுவாங்க, பிறகு அந்தப் பிள்ளைகளை வீட்டில் அடிப்பாங்க. அதுக்குக் கீழ, தாயாரிடம் தெரிவிக்க வேண்டாம் என மாணவி இம்முறையும் கேட்டுக்கொண்டார். அதுக்குக் கீழ, தந்தை சம்மதித்தார். ரெண்டு புள்ளி. சம்மதித்தாராம். யாரைக் கேட்டுச் சம்மதிச்சாரு. நான் என்ன ராட்சசியா, எம் பிள்ளைகிட்ட இருந்து எல்லாரும் சேந்து என்னைக் காப்பாத்தறீங்களா, இல்ல, எங்கிட்ட இருந்து எம் பிள்ளையைக் காப்பாத்தறீங்களா. நான் நல்லதுக்குத்தானே போட்டேன். ஒரு பிள்ளை கெட்டுப்போகக் கூடாதுன்னுதானே. எத்தனை அம்மாக்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க, நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது மிஸ்னு கையைப் பிடிச்சு அழுதிருக்காங்க. எனக்கு மட்டும் அப்படி ஒரு மிஸ் இல்லாமப் போச்சே. இன்னைக்கு அந்த மனுசன் வரட்டும். செருப்பைக் கழட்டறதுக்கு முந்தி கேப்பேன், போட்டோவை மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன், இது யாரு கையெழுத்துன்னு. பாளையங்கோட்டைப் பால் எப்படி, நல்லாப் பொங்குச்சான்னு கேப்பேன். பிள்ளையையும் பக்கத்துல நிப்பாட்டி வச்சே கேப்பேன், ரெண்டு பேருமா சேந்துதானே ஏமாத்துனீங்க. அங்க இருக்கா பாரு, சறுக்கு மரத்து அடியில தனியா, குச்சியால மண்ணுல கோடு போட்டுக்கிட்டு. ஷெட்டுல முப்பத்தோரு பிள்ளைங்க கத்துற கத்துல காது கிழியுது, அவ வாய் மூடி இருக்கு. தினமும் அங்கதான் உக்காந்திருப்பா, அமைதியான பிள்ளைன்னு நானே நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கேன்.

மணி நாலு. நடத்தைக் குறிப்பு, ரெண்டு புள்ளி, அதுக்கப்புறம் விரல் போகமாட்டேங்குது. திருந்திட்டேன்னு யாரும் நினைக்க வேண்டாம், மூணு பேருல ஒரு பேரும் ஞாபகம் வரல, குறிச்சு வச்ச சீட்டும் கைக்கு அகப்படல, அவ்வளவுதான். அந்த வரியை அழிச்சுட்டு அனுப்பினேன். ஒரு நிமிசம் ஆகல, மிஸ், இன்னைக்குப் பேரு எதுவும் இல்லையே. மிஸ், மெசேஜ் முழுசா வரலன்னு நினைக்கேன். எங்க வீட்டுப் பயலைப் பத்தித் தனியாச் சொல்லுங்க மிஸ், நான் பார்த்துக்கிறேன். வேன் வந்துருச்சு, பிள்ளைங்க பேரை வாசிச்சு ஒவ்வொண்ணா ஏத்தினேன், முப்பத்தொண்ணும் சரி. சறுக்கு மரத்துக்கிட்டப் போனேன், வாடின்னேன், எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு வந்தா. என்ன வரைஞ்சேன்னு கேட்டேன், தோளைக் குலுக்கினா. கேட்டைத் தாண்டினோம். ஸ்கூட்டர்ல முன்னாடி நான், பின்னாடி அவ, ரயில்வே கேட் வரைக்கும் பேச்சில்ல, மெயின் ரோட்டுல திரும்பினோம், பேச்சில்ல, பெட்ரோல் பங்க் தாண்டினதும் எம்மா, நேத்து அந்தப் பூனை இருக்குல்லன்னு ஆரம்பிச்சா, கடகடன்னு. தினமும் இந்த இடத்துலதான் ஆரம்பிப்பா. பசி மயக்கம் தெளியுதுன்னு நினைச்சிருக்கேன் இத்தனை நாளும், ஜூன்ல ரூட்டை மாத்தினதுல இருந்து பள்ளிக்கூடத்து வேன் ஒண்ணுகூட இந்தப் பக்கம் வராதுங்கறது இப்போதான் தோணுது.

வண்டியை ஓரமா நிப்பாட்டினேன். போட்டோவைக் காட்டிரலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. மிருது, பள்ளிக்கூடத்துல உனக்கு ஏதாச்சும்னா யாருகிட்டடி சொல்லுவேன்னு கேட்டேன், திரும்பிப் பாக்காமத்தான் கேட்டேன். அப்பாகிட்ட. எங்கிட்ட சொல்லமாட்டியா. அப்பா யாருகிட்டயும் சொல்லமாட்டாரு, சத்தியம் பண்ணியிருக்காரு. எங்கிட்டகூடவா. அவ யோசிச்சா, என்னை நோகடிக்கக் கூடாதுன்னு யோசிக்கிறது எனக்கு முதுகுல தெரிஞ்சுச்சு, அப்புறம் மெதுவாச் சொன்னா, உங்கிட்டதாம்மா முக்கியமா. லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. பாவி மனுசன், சத்தியத்தைக் காப்பாத்திட்டாரு, ஆறு மாசம், ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை விடல. இன்னைக்கு நான் அந்த ஆளைக் கேட்டா, அழுதா, கத்தினா, இவ சுவரோட நின்னு கேட்டுக்கிட்டிருப்பா, அப்பா சொல்லிட்டாருன்னு நினைப்பா, நான் நோட்டுல பாத்தேன்னு ஆயிரம் தடவை சொன்னாலும் நம்பமாட்டா. அப்புறம் பெட்ரோல் பங்க் தாண்டினாலும் பேசமாட்டா, வீட்டுக்குள்ளயும் பேசமாட்டா. யாருகிட்டயும் கேக்க முடியாது. எஸ்தர்கிட்ட கேக்க முடியாது, அவர்கிட்ட கேக்க முடியாது, நாளைக்கு அந்தப் பொரியலைத் தின்னுதான் ஆகணும். துரோகம் பண்ணினவங்க எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க, தெரிஞ்சவ நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். எம்மா, ஏன் நிப்பாட்டினே, அப்பா ஏதும் சொன்னாரான்னு கேட்டா, குரல் அப்பவே சின்னதாப் போச்சு. அப்பாவா, அவரு என்னைக்கு எங்கிட்ட என்ன சொல்லியிருக்காருன்னேன். சிரிச்சா. இடுப்பைப் பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.